போலிச் செய்தியும் கல்லூரி மாணவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊடகக் கல்வி வகுப்புகளில் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அரங்கில் கையைத் தூக்கிக் கேட்டவையும் உண்டு, டீ இடைவேளையில் ஓரமாக வந்து தயங்கிக் கேட்டவையும் உண்டு. இரண்டாவது வகைதான் பெரும்பாலும் நல்ல கேள்வி.

நாங்கள் போனோடு வளர்ந்தவர்கள். போலிச் செய்தியை நம்புவது அப்பா, அம்மா தலைமுறையின் பிரச்சினைதானே?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அங்கே சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இரு ஆய்வாளர்கள் 45 பேரைக் கணினி முன் உட்காரவைத்துச் சில இணையதளங்களைக் காட்டினார்கள். எது நம்பத்தக்கது, ஏன் என்று சொல்ல வேண்டும். 25 பேர் அந்தப் பல்கலைக்கழகத்தின் இளங்கலை மாணவர்கள். 10 பேர் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள். மீதி 10 பேர் செய்தி சரிபார்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள்.

காட்டியவற்றில் இரண்டு, குழந்தை மருத்துவர் சங்கங்களின் தளங்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய, பல்லாயிரம் மருத்துவர்கள் உறுப்பினராக உள்ள சங்கம். மற்றது, தன்பாலினத் தம்பதிகள் குழந்தையைத் தத்தெடுப்பதை எதிர்த்து 2002-இல் பிரிந்துபோன சிறு குழு. இரண்டுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிறு குழுவின் தளம் பளிச்சென்று, அடிக்குறிப்புகளோடு, ஆய்வுக் கட்டுரையின் தோரணையில் இருந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் நம்பத்தக்கது என்றார்கள். வரலாற்றாளர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் ஏமாறவில்லை, எடுத்துக்கொண்ட நேரமும் குறைவு.

ரீல்ஸை வேகமாகத் தள்ளத் தெரிவது ஒரு திறமை. அதில் வருவதை எடைபோடத் தெரிவது வேறொரு திறமை. முதலாவது இருப்பதால் இரண்டாவதும் இருப்பதாக நினைத்துக்கொள்வதுதான் உங்கள் வயதுக்கே உரிய ஆபத்து. உங்கள் அம்மாவுக்காவது தனக்கு இது தெரியாது என்று தெரியும்.

அந்தச் சரிபார்ப்பாளர்கள் அப்படி என்னதான் செய்தார்கள்?

மாணவர்கள், தங்களுக்குக் காட்டப்பட்ட பக்கத்துக்குள்ளேயே நின்றார்கள். மேலிருந்து கீழ்வரை படித்தார்கள், 'எங்களைப் பற்றி' பகுதியைப் பார்த்தார்கள், முகவரி எந்த எழுத்துகளில் முடிகிறது என்று பார்த்தார்கள், வடிவமைப்பை மெச்சினார்கள். இவை எல்லாமே அந்தத் தளக்காரர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்பவை. சரிபார்ப்பாளர்கள் பக்கத்தை ஒழுங்காகப் படிக்கக்கூட இல்லை. சில நொடி பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். புதிதாக இரண்டு மூன்று டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள்.

கல்லூரி நமக்குக் கற்றுக்கொடுத்ததற்கு இது நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள். கையில் கொடுத்த நூலை முழுதாகப் படி, பிறகு கருத்துச் சொல் என்றுதான் பழக்கியிருக்கிறோம். நூலகத்தில் அது சரி. அங்கே வாங்கும் முன்பே யாரோ ஒருவர் சலித்து எடுத்திருக்கிறார். இணையத்தில் அந்தச் சலிப்பு வேலை நம் தலையில் விழுகிறது. யாரென்றே தெரியாதவர் எழுதியதை ஆழ்ந்து படிப்பது அவருக்கு நாம் இலவசமாகக் கொடுக்கும் நேரம்.

செய்முறை ஒன்றும் பெரிதில்லை. தளத்தின் பெயரையோ யூடியூப் சேனலின் பெயரையோ தேடுபெட்டியில் போடுங்கள், அவர்களுடைய சொந்தப் பக்கத்தை ஒதுக்குங்கள். விக்கிப்பீடியா கட்டுரை இருந்தால் முதல் பத்தியைப் படியுங்கள். விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டினால் உங்கள் பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். ஒரு நிறுவனம் யாருடையது, எந்த ஆண்டு தொடங்கியது என்று தெரிந்துகொள்ள அதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை.

யார் சொன்னால் என்ன, சொல்வது சரியா என்றுதானே பார்க்க வேண்டும்?

பள்ளியில் மனப்பாடம் செய்த குறள் பேசுகிறது. சொல்லப்பட்ட பொருளை நீங்களே சோதித்துப் பார்க்க முடிகிற இடத்தில் முழுக்கச் சரி. ஒரு கணக்குத் தீர்வை ஐந்தாம் வகுப்புப் பையன் சொன்னாலும் பேராசிரியர் சொன்னாலும் போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் ஒரு தடுப்பூசியின் பக்கவிளைவையோ, ஒரு சட்டத்திருத்தத்தின் பாதிப்பையோ, எங்கோ நடந்த கலவரத்தையோ விடுதி அறையில் உட்கார்ந்து எப்படிச் சோதிப்பீர்கள்? அங்கே மெய்ப்பொருளுக்குப் போகும் குறுக்கு வழி, சொல்பவர் யார், இது அவருக்கு எப்படித் தெரியும், சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்ற மூன்று கேள்விகள்தான்.

வாட்ஸ்அப் ஃபார்வர்டில் யார் எழுதினார் என்றே இருக்காதே. அதை எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் செய்தியின் மேலே உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். இரட்டை அம்பு இருந்தால் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. உங்களுக்கு அனுப்பிய நண்பர் நம்பகமானவர் என்பதற்கும் செய்தி நம்பகமானது என்பதற்கும் அப்போதே தொடர்பு அறுந்துவிட்டது.

அந்த அம்பும் ஃபார்வர்ட் கட்டுப்பாடுகளும் வந்த கதை தெரிய வேண்டும். 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக இந்தியா முழுவதும் வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றியது. கூடவே ஒரு வீடியோ: பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு ஒரு பதாகையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

அதே ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போக வழி கேட்டு நின்ற ஒரு குடும்பத்தை ஊர்மக்கள் சூழ்ந்தார்கள். அந்தக் குடும்பத்தின் மூதாட்டி தெருவில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருந்தார். அவரை அடித்தே கொன்றார்கள். அதே மாதம் பழவேற்காட்டில் ஓர் ஆண். ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர். அதன் பிறகுதான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்குமேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு முறைக்கு ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது.

சரிபார்க்க: செய்தியில் தேதி இருக்கிறதா? 'நாளை', 'இன்று இரவு', 'சற்றுமுன்' என்பவை தேதி அல்ல. அந்தச் செய்தி மூன்று வருடத்துக்கு முந்தைய நாளையாகவும் இருக்கலாம். ஊர், காவல் நிலையம், மருத்துவமனை என்று சரிபார்க்கக்கூடிய ஒரு பெயராவது இருக்கிறதா? இருந்தால் அதையும் முக்கியமான இரண்டு சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். உண்மையிலேயே ஒருவர் இறந்திருந்தாலோ ஒரு பாலம் இடிந்திருந்தாலோ மாவட்ட நிருபர் ஒருவராவது எழுதியிருப்பார். 'எல்லோருக்கும் பகிரவும்' என்று கெஞ்சும் செய்தியை நான் முதலில் சந்தேகப்படுவேன். உண்மையான செய்திக்கு அந்தக் கெஞ்சல் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

டிவி சேனல் லோகோவோடு வரும் நியூஸ் கார்டுகளை எப்படி நம்புவது?

கார்டை நம்ப வேண்டாம், சேனலின் பக்கத்துக்குப் போங்கள். தமிழில் பொய் பரப்ப இதைவிட மலிவான கருவி இல்லை. ஒரு தலைவர் படம், இரண்டு வரி மேற்கோள், மூலையில் லோகோ, அவ்வளவுதான். போனிலேயே பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். கார்டில் இருக்கும் தேதியை எடுத்துக்கொண்டு அந்தச் சேனலின் ஃபேஸ்புக், எக்ஸ், இன்ஸ்டா பக்கத்தில் அன்றைய பதிவுகளைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சேனலே 'இது எங்கள் கார்டு அல்ல' என்று மறுப்பு போட்டிருக்கவும் கூடும்.

எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று ஓர் அறிவுரை சுற்றுகிறது. அதை நம்பினால் அசல் கார்டுகளில் பாதி போலியாகிவிடும்.

பழைய படத்தைப் புதிது என்று போடுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

படமென்றால் கூகுள் லென்ஸில் போடுங்கள். டின்ஐ, யாண்டெக்ஸ் என்ற தேடுதளங்கள் இரண்டும் சில நேரம் லென்ஸுக்குச் சிக்காததைப் பிடிக்கும். வீடியோவென்றால் முகமோ, கடைப் பலகையோ, வண்டி எண்ணோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைத் தேடுங்கள். பலகையில் இருக்கும் மொழி, பேருந்தின் நிறம், போலீஸ்காரரின் தொப்பி, இவையே பல நேரம் இது தமிழ்நாடே இல்லை என்று சொல்லிவிடும்.

2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வட இந்தியாவில் பரவின. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, இரண்டு வீடியோக்களை எடுத்துக்காட்டி மறுத்தார்: ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. பொய் வீடியோ பரப்பியதற்காகப் பீகார் யூடியூபர் ஒருவர் கைதானார். அந்த வாரம் ஹோலி. ஊருக்குப் போகிற கூட்டம் ரயில் நிலையங்களில் எப்போதும்போல நிரம்பியிருந்தது. அந்தப் படங்களையே 'உயிர் பிழைக்க ஓடுகிறார்கள்' என்று போட்டார்கள். படம் அசல், இடம் அசல், நாளும் அசல். கீழே எழுதிய வரி மட்டும் பொய். லென்ஸ் இதைப் பிடிக்காது. அன்று என்ன பண்டிகை என்று தெரிந்த மனிதர்தான் பிடிக்க முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வீடியோக்கள் பரவியது இந்தியில். நம்மில் பெரும்பாலோர் பார்க்கவே இல்லை. திருப்பூரில் படிக்கிற, இந்தி தெரிந்த ஒரு மாணவர் அன்று செய்திருக்கக்கூடிய சரிபார்ப்பை டெல்லியில் இருந்த எந்த நிறுவனமும் அவ்வளவு வேகமாகச் செய்திருக்க முடியாது.

எதையுமே நம்பாமல் இருந்துவிட்டால் பாதுகாப்புதானே?

பெருமையாகச் சொல்லப்படும் சோம்பேறித்தனம் இது. சென்னை முதலைகளைக் கேளுங்கள்.

2015 வெள்ளத்தின்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து ஊருக்குள் வந்துவிட்டதாக வதந்தி பரவியது. பண்ணை நிர்வாகம் மறுத்தது, ஒன்றும் தப்பவில்லை. எட்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில், தாம்பரம் பக்கம் நெடுங்குன்றத்தில் ஒரு முதலை இரவில் சாலையைக் கடப்பதாக ஒரு வீடியோ வந்தது. 'அதே பழைய கதை' என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் அது உண்மை. வனத்துறைச் செயலர் சுப்ரியா சாஹு, சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் வாழ்கின்றன, மனிதரைக் கண்டால் ஒதுங்கும் இயல்புடையவை, பயப்பட வேண்டாம் என்று விளக்கம் கொடுத்தார்.

2015-இல் நம்பியவரும் சரிபார்க்கவில்லை, 2023-இல் சிரித்தவரும் சரிபார்க்கவில்லை. இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம். ஊடகக் கல்வி என்ற பெயரில் 'எதையும் நம்பாதே' என்று மட்டும் சொல்லி அனுப்புகிற கருத்தரங்குகள் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். எல்லாமே பொய் என்று முடிவுகட்டிய மாணவர், கடைசியில் தனக்குப் பிடித்ததை மட்டும் நம்புகிறார். வெள்ள எச்சரிக்கையையும் புரளியென்று தள்ளுகிறவர் அவர்தான்.

பொய் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது? எல்லாம் போலிக் கணக்குகளின் வேலையா?

முக்கியக் காரணம் அது இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பகிர்ந்த ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிட 70% அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நிலைமை மாறவில்லை. பரப்பியது மனிதர்கள்தான். பொய் புதிதாகவும் ஆச்சரியமூட்டுவதாகவும் இருக்கிறது, சொன்னவருக்கு 'எனக்கு முதலில் தெரியும்' என்ற பெருமையையும் தருகிறது. குரூப்பில் முதல் ஆளாகப் போட வேண்டும் என்று விரல் துடிக்கும் அந்த நொடியைக் கவனித்தாலே போதும். கோபமோ சிரிப்போ பீறிட்டு வந்தால் ஒரு நிமிடம் போனைக் கீழே வையுங்கள்.

பத்து இடத்தில் வந்திருக்கிறது. அப்போது உண்மைதானே?

பத்துப் பேர் பார்த்து எழுதினார்களா, ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் நகலெடுத்தார்களா? சொற்றொடர்கள் ஒன்றுபோலவே இருந்தால் இரண்டாவது. தவிர, ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மனம் அதை உண்மையென ஏற்கத் தொடங்கும் என்று 1977-லேயே அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில் தெரிந்துவிட்டது. நம் தேசிய கீதத்தை உலகின் சிறந்த கீதமாக யுனெஸ்கோ அறிவித்ததாக இன்னும் நம்புகிறவர்கள் எத்தனை பேர்! யுனெஸ்கோ மறுத்தே பல வருடமாகிறது.

அரசாங்கமோ பெரிய ஊடகமோ சொன்னால் நம்பலாமா?

நம்பத் தொடங்குவதற்கு நல்ல இடம், ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். 2015 டிசம்பரில் பிரதமர் ஹெலிகாப்டரிலிருந்து சென்னை வெள்ளத்தைப் பார்க்கும் படத்தை மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி ஒட்டு வேலை என்று ட்விட்டரில் மக்களே கண்டுபிடித்தார்கள், படம் நீக்கப்பட்டது. 2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டில் நானோ சிப் இருப்பதாகத் தொலைக்காட்சிகளிலேயே விளக்கினார்கள்.

இப்போது அந்தத் தகவல் அலுவலகத்துக்கே ஒரு சரிபார்ப்புப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2023-இல் ஒன்றை ஏற்படுத்தியது. தேர்வு, திட்டம், அரசாணை பற்றிய புரளிகளுக்கு இவை உதவும். ஆனால் அரசின்மீது எழும் குற்றச்சாட்டுக்கு அரசே 'பொய்' என்று முத்திரை குத்தினால், அது ஒரு தரப்பின் மறுப்பு. ஆதாரம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை அரசின் பிரிவுக்கே கொடுத்த 2023-ஆம் ஆண்டு விதியை, 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. என் பார்வையில் அது சரியான தீர்ப்பு.

ஏஐ வீடியோக்களைக் கண்டுபிடிக்க என்ன அடையாளம்?

விரல்களை எண்ணுங்கள், கண் சிமிட்டுகிறதா பாருங்கள் என்ற அறிவுரைகளுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகாவின் முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் பொருத்தியபோது, உற்றுப் பார்த்தவர்களால் முகம் மாறும் கணத்தைப் பிடிக்க முடிந்தது. இன்றைய கருவிகள் அதைத் தாண்டிவிட்டன. 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் பேசினார். அரங்கில் இருந்தவர்களுக்கு அது ஏஐ என்று தெரியும். அதிலிருந்து இருபது நொடியை வெட்டி எடுத்து அனுப்பினால், கடல்தாண்டி இருக்கிற ஒருவருக்குத் தெரியுமா?

எனவே வீடியோவுக்குள் தேடாமல் வெளியே தேடுங்கள்: எந்த நிகழ்ச்சியில், எந்தத் தேதியில் பேசியது, முழுப் பேச்சு எங்கே இருக்கிறது, அங்கிருந்த வேறு கேமராக்கள் என்ன பதிவு செய்தன? ஒரு தலைவர் மேடையில் பேசியதற்கு ஒரே ஒரு பதிவு மட்டும் இருந்தால் அதுவே சந்தேகத்துக்குரியது. இன்னொரு பக்கம், மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் இனி 'அது ஏஐ' என்று தப்பிக்கவும் பார்ப்பார்கள். அதற்கும் இதே கேள்விகள்தான்.

நான் ஃபார்வர்ட் மட்டும்தானே செய்தேன்? அதற்கும் வழக்கு வருமா?

வரும். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018-இல் பகிர்ந்த நடிகர்-அரசியல்வாதி ஒருவர், படிக்காமலே பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார். பகிர்வது என்பது அந்தக் கருத்தை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். வழக்கை ரத்து செய்யக் கோரிய மனுவை 2023-இல் தள்ளுபடி செய்தபோது, அனுப்பிய செய்தி வில்லிலிருந்து விடுபட்ட அம்பு போன்றது என்றும் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அவருக்கு உதவவில்லை.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆம் பிரிவு, மக்களிடையே அச்சத்தையோ பகையையோ தூண்டும் நோக்கத்தோடு அல்லது தூண்டக்கூடிய வகையில் பொய்த் தகவலையும் வதந்தியையும் பரப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தோடு செய்ததற்கு விலக்கும் உண்டு. நீங்கள் சரிபார்த்தீர்களா என்ற கேள்வி அங்கே வந்து நிற்கும்.

குரூப் அட்மின் பொறுப்பா?

வேறொருவர் போட்டதற்கு அட்மின் என்பதாலேயே குற்றவாளி ஆக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-லும் கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் தீர்ப்பளித்தன. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். நீக்கும் வசதி உங்களுக்கு இருக்கிறது.

மாணவர்களைக் குறிவைத்து வரும் புரளிகள் எவை?

மூன்று வகையைச் சொல்கிறேன்.

மழைக்கால விடுமுறை. பள்ளி, கல்லூரி விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். பள்ளிகளுக்கு மட்டும் என்றால் கல்லூரி உண்டு. பல்கலைக்கழகத் தேர்வைத் தள்ளிவைப்பது பல்கலைக்கழகத்தின் முடிவு. ஆட்சியர் விடுமுறை விட்டார் என்பதற்காகச் செமஸ்டர் தேர்வு தள்ளிப்போனதாக நீங்களே முடிவுசெய்துகொண்டு அரியர் வைக்காதீர்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அறிவிப்பு பல்கலைக்கழகத் தளத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். போன வருடச் சுற்றறிக்கையில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பும் கலைஞர்கள் எல்லா விடுதியிலும் இருக்கிறார்கள்.

இலவச லேப்டாப், உதவித்தொகை. லிங்கைத் தொட்டால் ஆதார் எண், வங்கிக் கணக்கு, பிறகு 'பத்து பேருக்கு அனுப்பினால் உறுதியாகும்'. எந்த அரசுத் திட்டத்துக்கும் பத்து பேருக்கு அனுப்பும் நிபந்தனை கிடையாது. தெரியாமல் பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

வேலை. இதுதான் கொடியது. 2022-இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்ற விளம்பரங்களை நம்பிப் போன தமிழ் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி வேலைகளைச் செய்யும்படி அடைத்து வைக்கப்பட்டார்கள். படித்தவர்கள், ஆங்கிலமும் கணினியும் தெரிந்தவர்கள். அதனால்தான் அவர்களைத் தேடினார்கள். வெளிநாட்டு வேலை வாய்ப்பு வந்தால் முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்றவரா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போய்ச் சேருங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த உரையாடலை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

குடும்ப குரூப்பில் பெரியப்பா போடுகிறார். எப்படிச் சொல்வது?

குரூப்பில் சொல்லாதீர்கள். நாற்பது உறவினர் முன்னால் திருத்தப்பட்ட பெரியவர் செய்தியை விட்டுவிட்டு மரியாதையைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார். தனியாக எழுதுங்கள்: "பெரியப்பா, நீங்க போட்டதைப் பார்த்தேன். யார் அனுப்பினாங்க? நான் தேடிப் பார்த்தப்போ வேற மாதிரி வந்திருக்கு, இதைக் கொஞ்சம் பாருங்களேன்." கீழே தமிழில் உள்ள ஒரு லிங்க். அவரே எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. எடுக்காவிட்டாலும் அடுத்த முறை போடும் முன் உங்களிடம் கேட்கக்கூடும். மருந்து, இதய நோய், சர்க்கரை பற்றிய புரளியென்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். யாராவது மாத்திரையை நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது, குரூப்பிலேயே பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

இலங்கையில் படிக்கிறேன். எங்கள் நிலைமையும் இதுதானா?

இன்னும் கூர்மையானது. 2018 பிப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலப்பதாகக் குற்றம்சாட்டி எடுத்த வீடியோ பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்தபோது அது மாவுக் கட்டி. அறிக்கை வருவதற்குள் மார்ச்சில் கண்டி, திகன பகுதியில் வன்முறை மூண்டு, அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் முடக்கியது. அங்கே புரளி சிங்களத்தில் ஓடும்போது தமிழ் மாணவருக்குத் தெரிவதில்லை, தமிழில் ஓடுவது சிங்கள மாணவருக்குத் தெரிவதில்லை. பல்கலைக்கழகங்களில் இரண்டு மொழியும் ஒரே விடுதியில் இருக்கின்றன. சந்தேகமான பதிவு வந்தால் பக்கத்து அறை நண்பரிடம் 'உங்கள் குரூப்பில் இது எப்படி வருகிறது?' என்று கேட்க முடிகிற இடம் நாட்டில் வேறு அதிகம் இல்லை.

தமிழில் சரிபார்ப்புத் தளங்கள் உண்டா?

யூடர்ன், ஃபேக்ட் கிரெசென்டோ, நியூஸ்மீட்டர், நியூஸ்செக்கர், விஸ்வாஸ் நியூஸ் ஆகியவை தமிழில் எழுதுகின்றன. ஃபேக்ட் கிரெசென்டோவுக்கு இலங்கைப் பிரிவும் இருக்கிறது. முடிவை மட்டும் படிக்காமல் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற பகுதியைப் படியுங்கள், இலவசப் பயிற்சி. ஒரு குறை: இவர்கள் வைரலானதைத்தான் எடுப்பார்கள். உங்கள் கல்லூரி விடுதித் தண்ணீரைப் பற்றிய வதந்திக்கு அங்கே பதில் கிடைக்காது, வார்டனிடம்தான் போக வேண்டும்.

கல்லூரிகள் என்ன செய்யலாம்?

ஒருநாள் கருத்தரங்கு, சால்வை, சான்றிதழ், குரூப் போட்டோ, இதோடு முடித்தால் ஒன்றும் ஆகாது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018-இல் அரசுப் பள்ளிகளிலேயே போலிச் செய்தியைக் கண்டறியும் வகுப்புகளை நடத்தினார்கள். நம் பல்கலைக்கழகங்களில் அது பெரும்பாலும் இதழியல் துறையைத் தாண்டுவதில்லை. பொறியியல், நர்சிங், வணிகவியல் மாணவருக்கும் இன்டர்னல் மதிப்பெண்ணில் ஐந்தை இதற்கு ஒதுக்கலாம்: உங்கள் குரூப்பில் வந்த ஒரு செய்தியை எடுங்கள், அதன் மூலத்தைத் தேடுங்கள், எந்த வழியில் போனீர்கள், எங்கே முட்டிக்கொண்டீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று நேர்மையாக எழுதியவருக்கும் முழு மதிப்பெண்.

ஏற்கெனவே பகிர்ந்துவிட்டேன். இப்போது என்ன செய்ய?

வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரம்வரை எல்லோருக்கும் நீக்க முடியும். நீக்கியதோடு விடாதீர்கள், பார்த்தவர் பார்த்துவிட்டார். எந்தெந்த குரூப்பில் போட்டீர்களோ அத்தனையிலும் 'நான் காலையில் போட்ட இன்ன செய்தி தவறு, சரியான விவரம் இது' என்று ஒரு வரி எழுதுங்கள். பழைய படத்தையே மறுபடி இணைக்காதீர்கள். இணைத்தே ஆக வேண்டுமென்றால் அதன் மேல் பெரிதாகக் குறுக்குக்கோடு போட்டு, 'பொய்' என்று எழுதி இணையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் திருத்தத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் வேறு யாராவது அனுப்பத் தொடங்கிவிடுவார்கள்.